ஒரு உயிர்கூடப் போனதில்லை

கரட்டுக் காலனி, தேனி
12.6.2024

அன்புத் தம்பி பாண்டீஸ்வரனுக்கு அக்கா ஜோதிலட்சுமி எழுதுவது. நீயும் விஜியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வீரபாண்டி ஆத்தாளைக் கும்பிட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். நானும் பிள்ளை மகிழனும் இருக்கிறோம். காய்ச்சலோடு போன காது போனதுதான். மிஷின் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். இனிப் போனில் உன் குரலைக் கேட்க வழியில்லை. மகிழன் தன் போனில் அடித்து அனுப்புகிறேன் என்கிறான். அவன் கண்ணில் படாமல் உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

அகல ரயில் வந்தபோது இந்தத் தெருவில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை. காலை ரயிலில் போடிக்குப் போகிறேன், ஏலக்காய் கடையில் தரம் பிரிக்கிறேன், மாலை ரயிலில் திரும்பிவிடுகிறேன். பஸ்ஸில் இடிபடுவது நின்றது. இப்போது அதே ரயிலால் தூக்கம் போய்விட்டது.

நம் தெருவுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிய புளியந்தோப்பில் கல் நட்டிருக்கிறார்கள். மெயின் லைனிலிருந்து ஒரு கிளை பிரித்து, அதில் சமையல் காஸ் ஏற்றிய டேங்கர் வேகன்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்களாம். அங்கிருந்து பெரிய தொட்டிகளுக்கு இறக்கி, லாரியில் கம்பம் வழியாகக் கேரளாவுக்கு அனுப்புவார்களாம். ஏதோ தனியார் கம்பெனி. கடைசி வீடு என் வீடு. என் துணி காயும் கொடிக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில் ஒரு மாட்டுக்கொட்டகை போடும் இடம்கூட இல்லை.

வெல்டிங் கடை செல்லப்பாண்டிதான் தெருவைக் கூட்டினார். "ஒரு பொறி போதும்க்கா. நான் தெனம் பொறியிலதான் பொழைக்கிறேன், எனக்குத் தெரியும்" என்று அவர் சொன்னதை எனக்கு எழுதிக் காட்டினார்கள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஏன் என்று உனக்குத் தெரியும்.

உன் மச்சானுக்கு வேலையில்லாத காலத்தில் நீதான் குஜராத்துக்குக் கூட்டிப் போனாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை. வேகனில் காஸ் ஏற்றும் இடத்தில் அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் உன்னிடம் கேட்டதே இல்லை. அவர் முகத்தைக்கூடக் காட்டாமல் மூடிக் கொண்டுவந்திருந்தீர்கள். கேட்கும் நிலையில் நான் இல்லை. இப்போது தெருவுக்காகக் கேட்கிறேன். நீ இருபது வருஷமாக அந்த வேலையில் இருக்கிறாய். வீட்டுக்குப் பின்னால் அந்த வேகன் வந்து நிற்கலாமா? ஒரு வரி எழுது.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.
உன் அக்கா,
ஜோதிலட்சுமி

காந்திதாம்
9.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். வெயில்தான் தாங்கவில்லை. மூத்தவளுக்குக் கல்லூரி சேர்க்கை அலைச்சலில் பதில் தாமதமாகிவிட்டது. உன் காதை நினைத்து விஜி அழுதாள். கோயம்புத்தூரில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்கிறார்கள், விசாரிக்கிறேன்.

காஸ் விஷயம். எத்தனையோ அனுமதி வாங்காமல் யாரும் எதையும் கட்டிவிட முடியாது. விதிமுறைகள் கடுமையானவை. கல் நட்டதாலேயே வேலை ஆரம்பித்துவிடும் என்றும் இல்லை. நீ முன்னால் போய் நிற்காதே. உன் உடம்புக்கு ஆகாது.

மகிழன் ஐ.டி.ஐ. முடித்துச் சும்மா இருப்பது நல்லதல்ல. போராட்டம் கீராட்டம் என்று சுற்றவிடாதே. அவன் சான்றிதழ்களின் நகலை எனக்கு அனுப்பச் சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி பாண்டீஸ்வரன்

தேனி
3.8.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தில் எல்லார் சுகமும் தெரிந்தது. இங்கே காற்று அடிக்கிறது. வைகாசியில் தொடங்கியது இன்னும் விடவில்லை. மற்றபடி சுகம்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. சரி, வேலை அவசரத்தில் விட்டிருப்பாய்.

திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீசுக்கு எழுபது பேர் போனோம். மனுவை வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் தோப்பில் கம்பெனி போர்டு வைத்துவிட்டார்கள். படித்தேன். உன் மச்சானின் துணிமணியை நீ ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தாயே, அந்தப் பையில் அச்சடித்திருந்த பெயர்தான். அந்தப் பை இன்னும் என் பரணில் கிடக்கிறது. ஏறி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். எழுத்துகூட மாறவில்லை.

உன் கம்பெனிதான் வருகிறது என்று நீ எழுதவில்லையே. உனக்கே தெரியாமல் இருந்திருக்கும்.

தெருவுக்கு ஒரு அதிகாரி வந்தார். சின்ன வயசுதான், மரியாதையாகப் பேசினார். யுவராணி எனக்கு எழுதிக் காட்டினாள். (நம் எதிர்வீட்டுப் பெண், பள்ளிக்கூடத்தில் டீச்சர். இப்போது எனக்குக் காது அவள்தான்.) கசிவு ஏற்பட்டால் சைரன் ஊதுமாம், எல்லாரும் காற்று வரும் திசையைப் பார்த்து ஓட வேண்டுமாம். "எனக்குக் கேக்காதே தம்பி" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். யுவராணி அதை எழுதவில்லை. எழுதச் சொல்லியும் எழுதவில்லை.

அக்டோபரில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள். லீவு போட்டு வா. நம் பக்கம் நின்று, தெரிந்ததை நாலு வார்த்தை சொல். உன் வாயால் வந்தால் தெருவே உன்னைக் கும்பிடும்.

விஜியைக் கேட்டதாகச் சொல்.
அக்கா

காந்திதாம்
26.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கம்பெனிக்குப் பல ஊர்களில் திட்டங்கள் உண்டு. எல்லாம் எனக்குத் தெரிய வராது. அக்டோபரில் லீவு கிடைப்பது சிரமம். மகிழனின் சான்றிதழ்கள் வந்து சேர்ந்தன. காற்றில் அலையாமல் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்.

பாண்டீஸ்வரன்

தேனி
19.10.2024

தம்பி பாண்டீஸ்வரனுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய். நேரிலேயே பார்த்துவிட்டேன். உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறது. விஜி நன்றாகக் கவனித்துக்கொள்கிறாள்.

கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். யுவராணி நோட்டீசின் பின்பக்கத்தில், மேடையில் பேசுவதையெல்லாம் எழுதி எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆளாக மேடைக்கு நீ வந்தாய். எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. லீவு கிடைக்காது என்று எழுதிவிட்டு நமக்காக வந்துவிட்டான் என்று நினைத்தேன். "என் தம்பிடி, என் தம்பி" என்று யுவராணி தொடையில் அடித்தேன். எழுந்து நின்று கையை ஆட்டினேன். நீ பார்த்தாய். பார்த்துவிட்டுக் கையில் இருந்த தாளுக்குக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாய். அப்போதுதான் உன் நீலச் சட்டையில் அந்தப் பெயர் இருந்ததைக் கவனித்தேன்.

நீ பேசினாய். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பார்த்தேன். மீசை மறைத்தது. யுவராணி எழுதிக்கொண்டே வந்தவள் திடீரென்று பேனாவை நிறுத்தினாள். மண்டபத்தில் இருந்த நம் தெருக்காரர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் தலையில் என்னவோ ஊர்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எழுதுடி" என்றேன். தலையை ஆட்டினாள். கையைப் பிடித்து எழுத வைத்தேன். இதுதான் எழுதினாள்:

"நானும் இந்த ஊர்க்காரன்தான், என்னைய நம்பலாம். இருபது வருசமா இதுல இருக்கேன். எங்க கம்பெனியில காஸால ஒரு உயிர்கூடப் போனதில்ல."

எனக்குக் காது கேட்காததால் என் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று தெரியாது. மண்டப வாசலில் செருப்புக்குக் காவல் நின்றவருக்கும் கேட்டதாம். "ஏலே பாண்டி, அப்ப ஒன் மச்சான் எங்கன போனாக?" என்று கேட்டேன்.

நீ மைக்கைக் கீழே இறக்கினாய். உன் உதடு அசைந்தது. அதற்குள் ஒருவர் உன் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். தள்ளுமுள்ளு ஆனது. கூட்டம் முடிந்தது என்றார்கள்.

மைக் இல்லாமல் நீ என்ன சொன்னாய்? யாருக்கும் கேட்கவில்லையாம். காது இருக்கிறவர்களுக்கும் கேட்கவில்லை.

நீ பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் இரண்டு நாள் தங்கியிருந்ததாக மகிழன் சொல்கிறான். அன்றைக்குச் சாயங்காலம் நான் உனக்காகக் குழம்பு வைத்தேன். அவ்வளவு நடந்த பிறகும் வருவாய் என்று நினைத்தேன் பார்.

ஜோதிலட்சுமி

காந்திதாம்
28.12.2024

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும்.

கூட்டத்தில் நான் சொன்னது கம்பெனியின் ரோலில் இருப்பவர்களைப் பற்றியது. மச்சான் காண்ட்ராக்டர் மூலம் வந்தவர். அவருடைய விஷயம் காண்ட்ராக்டர் கணக்கில் முடிக்கப்பட்டது. ஆகவே நான் சொன்னதில் தவறான தகவல் எதுவும் இல்லை. நீங்கள் உணர்ச்சிவசப்பட்டது இயல்பு.

தேனி திட்டத்துக்கு அனுமதி வந்துவிட்டது. வரும் மார்ச் மாதம் முதல் அங்கே மேலாளராகப் பொறுப்பேற்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த உயர்வு கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் படிப்புக்கு மிகவும் சிரமம். தாங்கள் புரிந்துகொள்வீர்கள்.

பணிவுடன்,
பாண்டீஸ்வரன்

தேனி
22.1.2025

தம்பிக்கு,

பொங்கல் போனது. யாரும் சுகமில்லை, யாருக்கும் நோவும் இல்லை.

பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிட்டவன், இந்தக் கடிதத்தில் நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் பக்கத்தில் யாராவது நின்று படித்துப் பார்த்தார்களா?

ரோல் என்றால் என்ன என்று யுவராணியிடம் கேட்டேன். எழுதிக் காட்டினாள். அதாவது செத்தவர் பெயர் உங்கள் நோட்டில் இல்லாததால் அவர் சாகவில்லை. பதினோரு வருஷமாக நான் பொட்டில்லாமல் இருப்பது யாருடைய கணக்கில் என்று காண்ட்ராக்டரைத்தான் கேட்க வேண்டும் போல.

இந்த மாதம் ஜல்லி லாரி வந்த அன்றைக்குத் தெருவே தோப்பு வழியில் போய் உட்கார்ந்தது. போலீஸ்காரர்கள் எங்களைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். ஒரு பெண் போலீஸ் என்னிடம் என்னவோ திரும்பத் திரும்பச் சொன்னது. எனக்குக் கேட்காது என்று தெரிந்ததும் அதன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கைத்தாங்கலாக ஏற்றிவிட்டது. சாயங்காலம் விட்டுவிட்டார்கள். செல்லப்பாண்டியை மட்டும் விடவில்லை. பதினைந்து நாள் ரிமாண்டு.

மகிழனை அன்றைக்கு நான் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். கேஸ் விழுந்தால் வேலை கிடைக்காது என்று பயந்தேன். நீ சொன்னதைக் கேட்டுத்தான் அப்படிச் செய்தேன். அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

வேகன் இங்கே நிற்கலாமா, மைக் இல்லாமல் நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்ட இரண்டு கேள்வியும் அப்படியே இருக்கின்றன.

ஜோதிலட்சுமி

கம்பெனி குவார்ட்டர்ஸ், தேனி
21.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஊருக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நலம். விஜியும் பிள்ளைகளும் பரீட்சை முடிந்து வருவார்கள். ஒரே ஊரில் இருந்துகொண்டு தபாலில் எழுதுவது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. இரண்டு தடவை உன் தெருமுனை வரை வந்தேன். ஜீப்பைப் பார்த்ததும் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். திரும்பிவிட்டேன்.

ராத்திரி பகலாக ஆள் வைத்து வேலையை முடித்தோம், சோதனை ஓட்டமும் நல்லபடி முடிந்தது. பெரிய மதில் எழுப்பியிருக்கிறோம், உன் வீட்டுப் பக்கம் இன்னும் உயரமாக. நான்தான் சொல்லிக் கட்டவைத்தேன்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு உன்னோடு போக வேண்டும் என்று ஆசை. மச்சான் இருந்தபோது எல்லாரும் ஒன்றாகத் தீச்சட்டி பார்க்கப் போவோமே. வரச் சொன்னால் வருகிறேன்.

உன் தம்பி

தேனி
17.5.2025

தம்பிக்கு,

வர வேண்டாம் என்று எழுதக்கூட மனமில்லாமல்தான் சும்மா இருந்தேன். திருவிழாவும் முடிந்துவிட்டது. இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது.

உன் மதில் உயரம்தான். வெயில் மறைந்து என் துணி காய்வதில்லை. ஆனால் காஸ் மதில் ஏறி வராது, தரையோடு தவழ்ந்து வரும் என்று நாங்கள் எல்லாரும் செவ்வாய்க்கிழமை தெரிந்துகொண்டோம். அடுப்பில் உலை இருந்தது. யுவராணி ஓடிவந்து அடுப்பை அணைத்து என்னை வெளியே இழுத்தாள். சாக்கடை ஓரமாகப் பனி மாதிரி வெள்ளையாக ஊர்ந்து வந்தது. ஜனம் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடியது. கையில் பிள்ளை, ஆட்டுக்குட்டி, டிவி என்று அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். யாரும் சாகவில்லை. அன்றைக்கு யாரும் பீடி பற்ற வைக்காததுதான் காரணம், உன் மதில் இல்லை.

மைதானத்தில் நான் மகிழனைத் தேடவில்லை. அவன் தேவதானப்பட்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கண் சிவந்து, மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். அவன் உதடு எனக்கு நன்றாகப் புரியும்.

"ஒன்னுமில்லம்மா, வேகன்ல வால்வு லேசாக் கசிஞ்சுச்சு. நான்தான் மேல ஏறி மூடுனேன். மாமாவே வந்து தட்டிக்குடுத்தாக."

"யாரு உன்னைய அங்கன சேத்தது?"

"மாமாதான். ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னு சொன்னாக."

மாமன் நீ தட்டிக்கொடுத்தாயாமே. அவன் அப்பாவையும் அப்படித்தான் தட்டிக்கொடுத்தீர்களா?

அவனைப் போகாதே என்றேன். "ஊர்ல ஒரு வேலை கெடைச்சிருக்கு, அதுவும் பொறுக்கலையா? மாமா இருக்காக, எனக்கென்ன?" என்கிறான். அவன் எந்த ரோலில் இருக்கிறான்? காண்ட்ராக்டர் கணக்கில்தானே? நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அடுத்த ஊர் மேடையில் நீ என்ன சொல்வாய் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

அம்மா செத்தபோது உனக்கு ஏழு வயசு. என் மடியில்தான் கிடந்தாய். அந்த உரிமையில் கேட்கிறேன். என் பிள்ளையை எனக்குக் கொடு.

ஜோதிலட்சுமி

குவார்ட்டர்ஸ்
10.6.2025

அக்கா,

மகிழனின் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. நேற்றோடு நிறுத்திவிட்டேன். காரணம் கேட்டான். நீ கேட்டுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறேன். வேறு எதைச் சொன்னாலும் நான் இங்கே வேலை பார்க்க முடியாது.

அவன் வேகன் பக்கம் நிற்க வேண்டாம், அக்கா. இனி எந்த ஊரிலும் நிற்கவிடாதே.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

பாண்டி

தேனி
2.7.2025

தம்பி பாண்டிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. வேகன் வீட்டுக்குப் பின்னால் நிற்கலாமா என்று போன வருஷம் கேட்டேன். பதில் வந்துவிட்டது.

மகிழன் அன்றைக்கே சண்டை போட்டான். "மாமா கால்ல விழுந்தியா? தெருவுல என் மானம் போச்சு" என்றான். நான் இல்லை என்று சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு எர்ணாகுளம் பக்கம் போய்விட்டான். ஏதோ மரக்கம்பெனியில் வேலையாம். யுவராணிக்குத்தான் சேதி அனுப்புகிறான். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. என் மேல் கோபமாகவே இருக்கட்டும். கோபப்படுவதற்கு உயிர் இருக்கிறதே, அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு வாரம் நன்றாகத் தூங்கவும் செய்தேன். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

போன புதன்கிழமை செல்லப்பாண்டியின் மகன் தங்கப்பாண்டி, மஞ்சள் ஹெல்மெட்டோடு என் வாசலைக் கடந்து போனான். மகிழனின் இடத்தில் அவனை ஏற்றியிருக்கிறீர்கள். ஜெயிலுக்குப் போய் வந்ததிலிருந்து செல்லப்பாண்டிக்குக் கடையில் வேலை வருவதில்லை. கேஸுக்கு அலைகிறார். மகனுக்கு வேலை என்றதும் தலையாட்டிவிட்டார். தெருவில் அவரோடு பாதிப் பேர் பேசுவதில்லை. நானும் பேசாமல்தான் இருந்தேன்.

என் பிள்ளையைக் கொடு என்றுதான் கேட்டேன். கொடுத்தாய். அந்தப் பள்ளத்தில் இன்னொருத்தி பிள்ளையைத் தள்ளிவிட்டுக் கொடுப்பாய் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் கேட்டிருப்பேனோ என்னவோ. அந்தச் சந்தேகம்தான் என்னை அறுக்கிறது.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். செல்லப்பாண்டியும் அவர் பெண்டாட்டி ஜக்கம்மாவும் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார்கள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். ஜக்கம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக வாயைத் திறந்து கேட்டார்.

"அப்ப... என் மகன்... நிக்கலாமாக்கா?"

அதைச் சொல்ல நான் அங்கே மேலாளர் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். விஜியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். இனி எனக்கு எழுத வேண்டாம். அவருக்கு எழுது. செல்லப்பாண்டி, வெல்டிங் கடை, கரட்டுக் காலனி, தேனி. படிக்கத் தெரியாதே என்று யோசிக்காதே, நான் படித்துக் காட்டுகிறேன்.

அக்கா